தோஹாவிலிருந்து மடுல்சீமைக்கு

செவ்வாய்
விடியற்காலையிலிருந்து தூறல். அக்கா ஆறு மணிக்குப் போய்விட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், தேநீர் ஆற்றிக்கொண்டு.
செய்ய வேண்டியவை: கிராம சேவகர். பெட்டி. உடல் கெடாமலிருக்கப் பதுளையில் மருந்து ஏற்றுவது. கட்டாரில் சிவாவுக்குச் சொல்வது. அக்காவுக்கு அவன் ஒரே மகன்.
போனில் அழவில்லை. "நான் அம்மா மொகத்த ஒருக்கா பாத்த பெறகுதான் எடுக்கணும் மாமா. வாக்குக் குடுங்க."
கொடுத்தேன்.

புதன்
மழை. சிவாவுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. பழைய அட்லஸில் நூல் பிடித்துப் பார்த்தேன். தோஹா - கட்டுநாயக்க விமான நிலையம் ஏறத்தாழ 3,600 கி.மீ. பறப்பு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. புறப்படுவது அங்கே அதிகாலை 1, நமக்கு 3.30. இறங்க 8.15. பிறகு மலைப்பாதை, எட்டு மணி நேரத்துக்கு மேல். ஆக, நாளை மாலை 5.
அந்த இரண்டரை மணி நேரத்தைக் கூட்டுவதா கழிப்பதா என்று நடுவில் ஒரு தடுமாற்றம். இத்தனை வருடம் புவியியல் படிப்பித்தவன்.
தோட்டத் தலைவர்: "அஞ்சு மணின்னா மூட்டம் எறங்கிரும் மாஸ்டர். குழி எங்க, நாம எங்கன்னு தெரியாது." ஆனாலும் சம்மதித்தார்.

வியாழன், பி.ப. 3
சிவா பன்னிரண்டுக்கே வந்துவிட்டான். வாகனச் சத்தம் கேட்கவில்லை. மேல்மலைத் தேயிலைக்குள்ளிருந்து இறங்கி வந்தான். அந்தப் பக்கம் பாதை கிடையாது. காலெல்லாம் களிமண்.
கணக்குப் பிழை என்று எடுத்துக்கொண்டேன். தலைவர் சிரித்தார். "மாஸ்டரோட பிளேன் இன்னும் கடலுக்கு மேல நிக்குது போல."
மூட்டத்துக்கு முன் முடித்துவிடுவோம் என்றார்கள். தலையாட்டினேன். வாய்க்கரிசி, முதல் மண், எல்லாம் அவனே. அக்காவின் முகத்தை மட்டும் அவன் பார்க்கவேயில்லை.
திரும்பி வந்து மூன்று தட்டுச் சோறு. பக்கத்து லயத்து வீட்டுச் செல்லம்மா: "பிளேன்ல ஒனக்கு ஒண்ணும் குடுக்கலியாடா?" அவன் உள்ளறையில் படுத்திருக்கிறான்.

3.40
போன். தெரியாத எண்.
"மாமா, சிவா பேசுறேன். வேன்காரரோட போன். பதுளைய தாண்டிட்டோம். அம்மாவ எடுத்துறாதீங்க."
அவன் குரல்தான். வைப்பர் சத்தமும் கேட்டது.
"மாமா? கேக்குதா?"
கேட்கிறது என்றேன்.
உள்ளறைக் கதவு சாத்தியிருக்கிறது. தள்ளிப் பார்க்கத் துணிவில்லை. தலைவரிடம் போய் என்னவென்று சொல்வது?

4.55
வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. கீழே வேன் நின்றது. மூட்டத்துக்குள் யாரோ படியேறி ஓடி வருகிற சத்தம். "அம்மா, அம்மா" என்று.
உள்ளே பாய் சரசரக்கிறது.
"மாமா, யாரோ வர்றாங்க. கதவ சாத்திருங்க."