முருங்கைக்கீரை உங்களுக்கு மட்டும்

என்னங்க,

நைட் டூட்டி முடித்து அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் புதுச்சேரி கிளம்பிவிட்டேன்.

வல்லத்திலிருந்து அத்தை ஆசையாகக் கொண்டுவந்த முருங்கைக்கீரையைப் பொரியல் செய்திருக்கிறேன். முழுவதும் நீங்களே சாப்பிடுங்கள். கருவைக் கரைக்கப் போட்ட ஊசிக்குக் கீரை ஆகாதென்று டாக்டர் சொன்னது அத்தைக்குத் தெரியவேண்டாம், வருத்தப்படுவார்.

கரு கர்ப்பப்பை வாயில் தங்கிவிட்டது என்றதும், "பைய எடுத்துடுங்க டாக்டர், எனக்கு இவ இருந்தா போதும்" என்று அழுதீர்கள்; முதலில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர்தான் தடுத்தார். என்னைக் கேட்காமல் நீங்கள் அப்படிச் சொன்ன கோபம் இன்னும் இருக்கிறது.

ஆனால் கல்யாணமான புதிதில், ராஜகிரிக் கோட்டை மரப்பாலத்தில் பள்ளத்தைப் பார்த்துப் பயந்து, "நீ போய்ட்டு வா, நான் இங்கயே இருக்கறேன்" என்று உட்கார்ந்தவர்தானே நீங்கள்! நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

எழில்

பி.கு. கரு கரைந்ததோ இல்லையோ, ரிசல்ட் எப்படி வந்தாலும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. இந்தத் தடவை பயம் எனக்கு.