பந்து எறியும் குழாய்

நவம்பர் 3

அக்கா தூங்கிவிட்டாள். அவள் விழித்தால் இந்த நோட்டு உடனே கணக்குப் பாடமாகிவிடும்.

இன்றும் அவளுக்கு நூறு பந்து போட்டேன். அணித் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. டேபிள் டென்னிஸ் பந்து இலேசுதான். அக்கா அடித்தால் கல். போன மாதம் என் இடது கண்ணில் பட்டது. வீக்கம் வடிந்ததும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். அந்தக் கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஒரு திரை தொங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அக்கா ஐந்து வருடமாகக் காத்திருக்கிறாள்.

"கண்ணைத் தொறந்து போடுடி, பயந்தாங்கொள்ளி!" என்று இன்றும் கத்தினாள்.

எனக்குப் பதில் ஒரு மிஷின் நின்றால்?

நவம்பர் 5

அப்பா குழாய் பொருத்துகிறவர். மிச்சத் துண்டுகளில் எல்லாம் பந்தைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் நுழையவில்லை. ஒன்றில் லொடலொடவென்று ஆடியது. மூன்றாவது அளவெடுத்த மாதிரி. உள்ளே துடைப்பக் கட்டை, நுனியில் துணி. இழுத்து விட்டால் கட்டை முன்னால் பாய சைக்கிள் டியூப் ரப்பர்.

நவம்பர் 8

கட்டையைப் பின்னால் இழுத்தால் பந்தும் கூடவே வருகிறது. குழாய் உறிஞ்சுகிறது.

நவம்பர் 9

பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டேன். உறிஞ்சவில்லை.

நவம்பர் 11

கட்டையில் மூன்று வெட்டு. முதல் வெட்டுவரை இழுத்தால் பந்து வலைக்கு முன்னால் விழுகிறது. மூன்றாவதில் காலண்டர் கிழிந்தது. இரண்டாவது சரி.

நவம்பர் 14

அப்பா பார்த்துவிட்டார். அடி நிச்சயம் என்று நினைத்தேன். "என் குழாயைத் திருடி என்னமா பண்ணியிருக்கா பாருங்க!" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா நூற்றிருபது பந்து அடித்தாள். நான் ஓரமாக நின்று, கட்டையில் கட்டிய கயிற்றை இழுத்து விட்டேன். ஒன்றுகூட என் பக்கம் வரவில்லை.

திரை பாதிக் கண்ணுக்கு வந்துவிட்டது.

நவம்பர் 17

வினையாகிவிட்டது. "மிஷின்தான் இருக்கே, நீயும் மட்டையைப் பிடி" என்றார் அப்பா. கயிறு அக்கா கையில். வலப்பக்கம் வந்ததை அடித்தேன். குழாயை இடப்பக்கம் திருப்பினாள். பத்துப் பந்தும் தவறிப்போனது.

"சோம்பேறிக் கழுதை," என்றார் அப்பா.

அக்கா சிரிக்கவில்லை. "ஒரே இடத்துலதானேப்பா போடுது. பத்தையுமா விடுவா?" கிட்டே வந்து என் வலது கண்ணைப் பொத்தினாள்.

"எத்தனை விரல்?"

"மூணு."

அவள் இன்னொரு கையைத் தூக்கவே இல்லையாம்.

ஏன் மூணுன்னு சொன்னேன்? தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?

நவம்பர் 18

அக்காவே அப்பாவிடம் சொன்னாள். "நான் அடிச்ச அடிதாம்பா." நாளை கண் ஆஸ்பத்திரி.

நவம்பர் 23

இரண்டு கண்ணிலும் கட்டு. நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதுகிறாள். கழன்றிருந்த விழித்திரையை ஒட்டியாயிற்று, எவ்வளவு தெரியும் என்பது போகப் போகத்தான் என்று டாக்டர் சொன்னார். நாளை தேர்வு. போகமாட்டேன் என்றாள். போ என்றேன். மறுபடி போ என்றேன்.

"சரி, போறேன். வாயை மூடுடி," என்கிறாள்.

அதையும் எழுது என்றேன். எழுதினாளா, தெரியாது.