கணுக்காலில் கட்டிய கயிறு

என்னிடம் சொல்லாமல் ஆற்றுக்குப் போய்விட்ட என் அருமை அத்தானுக்கு,

சுகமா என்று கேட்கத்தான் கை வருகிறது. கேட்டு என்ன செய்ய? உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. தங்கமான மனிதர் என்று துறைமுகத்தில் உங்களோடு கிரேன் ஓட்டியவர்கள் இன்றைக்கும் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் இத்தனை மாதம் தலையாட்டினேன். இனி ஆட்டப் போவதில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரியே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. நம்முடைய இரகசியம் ரீட்டா அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நம்முடைய என்று எழுதியது தப்பு. அது உங்களுடைய இரகசியம், சுமந்தவன் நான்.

நம் கடற்கரையில் சங்கு குளிக்கப் போகிறவன், மூழ்கியபின் தன்னை மேலே இழுக்கிற கயிற்றை யார் கையில் கொடுப்பான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பான். கூடப்பிறந்தவள் தாலியறுப்பதைப் பார்க்க எவனுக்கும் மனசு வராது, அதனால் அவன் கண் அசரமாட்டான் என்பது கணக்கு. என் அப்பாவின் கயிற்றை என் மாமாதான் பிடித்தார். நீங்களும் நானும் சங்கு குளிக்கவில்லை. உங்களுக்குக் கிரேன், எனக்குச் சரக்கு ஏற்றுமதி அலுவலகம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முயல் தீவுப் பக்கம், நின்றுகொண்டு துடுப்பு வலிக்கிற நம் காற்றடைத்த பலகைகளை இறக்கும்போது, உங்கள் பலகையின் கயிற்றை என்னிடம் நீட்டி, "பிடி மச்சான், ஒங்க அக்கா தாலி ஒன் கையில" என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஆற்று ஆசை யாருக்கு முதலில் வந்தது? உங்களுக்குத்தான். மேற்கு மலையில் மழைக்காலத்தில் பாறைக்குப் பாறை நுரைத்து இறங்கும் ஆற்றில் ஒருவன் பலகைமேல் நின்றுகொண்டு போகிற வீடியோவைக் காட்டி, "ஏலே, இதுல ஒருக்கா நின்னுட்டா போதும்லே" என்றீர்கள். அதற்குப் பிறகு நம் பேச்செல்லாம் பலகையைப் பற்றித்தான். கடலுக்கு நாம் வைத்திருந்தது நீளம், ஒல்லி, அடியில், சுறாவின் முதுகில் இருப்பதுபோல், ஆழமாக ஒரே ஒரு கெட்டிச் செட்டை. ஆற்றில் அது முதல் பாறையிலேயே தட்டி நம்மைத் தலைகுப்புறத் தள்ளிவிடும். ஆற்றுக்குக் குட்டையான, அகலமான பலகை வேண்டும். மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். செட்டை விரல் நீளத்தில், ரப்பர் மாதிரி மடங்க வேண்டும். விழுந்தவன் எந்தப் பக்கத்திலிருந்தும் பிடித்து ஏறச் சுற்றிலும் கைப்பிடி வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட நீங்கள் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டீர்கள் என்று அக்கா கேலி செய்தாள்.

ஹெல்மெட்டுக்குச் சம்மதித்தீர்கள். முட்டிக்கும் முழங்கைக்கும் கவசம், வழுக்காத காலணி, நன்றாக மிதக்கிற லைஃப் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் சரி சொன்னீர்கள். கயிற்றில் மட்டும் முரண்டு பிடித்தீர்கள்.

கடலில் பலகையின் கயிற்றைக் கணுக்காலில் கட்டுவோம். பலகையை விட்டால் காற்று அதை இழுத்துக்கொண்டு போய்விடும், நாம் நடுக்கடலில் நிற்போம். ஆற்றில் அதே கயிறு எமன். பாறை இடுக்கிலோ முறிந்த மரத்திலோ அது சிக்கினால் ஓடுகிற தண்ணீர் ஆளை அப்படியே அமுக்கிவிடும். அந்த வேகத்தை மீறிக் குனிந்து கணுக்காலைத் தொட ஒருவராலும் முடியாது. அங்கே ஆற்றில் பழக்குகிறவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். இழுத்தால் கழன்றுவிடும் இடுப்பு பெல்ட்டில் கயிற்றை மாட்டுங்கள், அது இல்லையென்றால் கயிறே வேண்டாம் என்றார். நீங்கள் கேட்டீர்களா?

"கடல்லயே கெடந்தவனுக்கு ஆத்துத் தண்ணி என்னலே செஞ்சிரும்? பலகைய விட்டவன் கரைக்கு வரமாட்டான். எங்கன போனாலும் அதான் சட்டம்" என்றீர்கள்.

"அத்தான், அது கடலுக்குள்ள சட்டம். ஆறு வேற."

நான் விடவில்லை. உங்கள் வீட்டு முன்னறையில் அக்கா காதுபடச் சத்தம் போட்டேன். கடைசியில் என் தலைமேல் கைவைத்து, பெல்ட் இல்லாமல் ஆற்றில் இறங்க மாட்டேன் என்றீர்கள். மாதா கோயில் திருவிழா முடிந்ததும் சேர்ந்து போவோம், அதற்குமுன் தாமிரபரணியில் அசையாத தண்ணீரில் பழகுவோம் என்றும் நீங்களேதான் சொன்னீர்கள்.

பலகை உங்கள் வீட்டுக்கு வந்தது. பெல்ட் தனியாக, பிந்தி, என் அலுவலகத்துக்கு வந்தது. உடனே உங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீயே வச்சிரு மச்சான், போறப்ப எடுத்துக்கிடலாம்" என்றீர்கள். அத்தான், அப்போதே உங்களுக்குத் தெரியுமா? துறைமுகத்து நண்பர்கள் வேன் பேசிவிட்டார்களா? இதை நினைக்காத நாளே எனக்கு இல்லை.

திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிட்டீர்கள். மழைக்காலம் போனால் ஆறு வற்றிவிடும் என்று அவசரமா? என்னைக் கேட்டால் இந்த வருடம் வேண்டாம் என்பேன். நான் வராவிட்டால் அக்கா உங்களை விடமாட்டாள். அதனால் என்னிடம் சொல்லவே இல்லை. அக்காவிடம், "ஒந்தம்பி கூடத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டீர்கள். என் பெயரைக் கேட்டதும் அவள் நிம்மதியாக உங்கள் துணிமணியை எடுத்துவைத்திருக்கிறாள்.

அதோடு விட்டீர்களா? போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில், "ஒந்தம்பி கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டான்" என்றீர்கள். வரவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா? கழண்டுகொண்டான் என்ற சொல் எதற்கு? நான் உங்களுக்கு என்ன குறை வைத்தேன்?

பெல்ட்டைக் கேட்டால் பயணத்தைச் சொல்ல வேண்டிவரும். அதனால் பெல்ட்டை என்னிடமே விட்டுவிட்டு, கடல் பலகையிலிருந்து பழைய சுருள் கயிற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனீர்கள். நீங்கள் விழுந்த இடத்தில் பலகை மேலே மிதந்துகொண்டு அங்கேயே நின்றது, நீங்கள் அடியில் இருந்தீர்கள் என்று உங்கள் நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சிக்கிய கயிறு அறுந்துபோகவில்லை. சட்டம் என்று சொன்னபடியே நீங்கள் பலகையை விடவில்லை, பலகையும் உங்களை விடவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "வாரேன்னு சொல்லிட்டு எப்படிலே ஒனக்கு இருக்க முடிஞ்சிது?" எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. வாய் திறந்திருந்தால் ஒரு வார்த்தையில் தப்பித்திருப்பேன். ஆனால் புருசன் போன அன்றைக்கே அவன் பொய்யன் என்று எப்படிச் சொல்ல? நின்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னை 'ஏலே' என்று கூப்பிடவே இல்லை. "வாங்க", "உக்காருங்க", "காப்பி குடிக்கிதியளா?" என்றாள். வங்கி மேலாளரை வரவேற்பதுபோல் என்னை வரவேற்றாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கிறிஸ்துமஸ் அன்று கேக்கைத் தட்டில் வைத்து நீட்டி, "எடுத்துக்கோங்க" என்றாள். எடுத்தேன். உங்கள் படம் அவள் தலைக்கு மேலே மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தது. அந்த மாலையைப் பிய்த்துப் போட வேண்டும் என்று வந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

போன மாதம் அக்கா ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்து இறங்கினாள். சுருட்டிய பலகை, பம்ப், உங்கள் பை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். விற்கச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நான் இதுல நிக்கணும்" என்றாள். "அந்த மனுசன் எதுக்குச் செத்தாருன்னு எனக்குத் தெரியணும். எனக்கு என்னென்ன வேணும்னு பாத்துச் சொல்லுங்க."

கடற்கரையில் பிறந்தவளுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்பாளா? உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பலகை நீங்கள் விரும்பியதுபோல அகலமானது, அவளுக்கும் பொருந்தும். துடுப்பின் நீளத்தைக் குறைக்கலாம். உங்கள் லைஃப் ஜாக்கெட் அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது, தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை வந்தது. அவளுக்குப் புதிதாக ஒன்று வேண்டும் என்றேன். உங்கள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தாள். சிரிக்க வந்தது, இரண்டு பேரும் அடக்கிக்கொண்டோம்.

பிறகு பையின் அடியிலிருந்து அந்தச் சுருள் கயிற்றை எடுத்தாள். "கயிறுதான் இருக்கே" என்று கணுக்காலை நீட்டினாள்.

"அதத் தொடாத!" என்று கத்திவிட்டேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவள் கையிலிருந்து பிடுங்கி எறிந்தேன். அலமாரியைத் திறந்து, உறை பிரிக்காத பெல்ட்டை எடுத்து மேசைமேல் போட்டேன். ஆற்றுக்கு இதுதான் என்றேன்.

அவள் உறையைப் பார்த்தாள். "இது யாருக்கு வாங்குனது?"

"அத்தானுக்கு."

"அப்ப ஏன் அவர்ட்ட குடுக்கல?"

"அவரு போறது எனக்குத் தெரிஞ்சாத்தானக்கா குடுக்கதுக்கு!"

வந்துவிட்டது. வாயைப் பொத்தி என்ன பயன்? அவள் உறையைப் பிரித்தாள், பெல்ட்டை இடுப்பில் கட்டினாள். முன்னால் தொங்குகிற உருண்டையை எப்படி இழுப்பது என்று காட்டினேன். இழுத்தாள். சட்டென்று கழன்று தரையில் விழுந்தது. மறுபடி கட்டினாள், மறுபடி இழுத்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்க்கா."

அப்போதுதான் அழுதாள். அடக்கத்தில் அழாத அழுகை அது. அழுதுகொண்டே உங்களைத் திட்டினாள், எழுத முடியாத வார்த்தைகள், அத்தனையும் உங்களுக்குத் தகும். என் பக்கம் திரும்பி, "ஏலே, நீ ஏம்லே இத்தன நாளும் வாயத் தொறக்கல?" என்றாள்.

"ஒனக்கு நல்ல புருசனாவது மிஞ்சட்டும்னு நெனச்சேன்."

"புருசனும் இல்ல, தம்பியும் இல்லன்னு கெடந்தேம்லே" என்று என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் என்னை அடித்து!

நேற்று ஸ்ரீவைகுண்டம் போனோம். அணைக்கட்டுக்கு வெகு மேலே, தாமிரபரணி அசையாமல் கிடக்கிற இடம். அக்கா முட்டிபோட்டுத் துடுப்பு வலித்தாள், எழுந்தாள், விழுந்தாள், திரும்ப ஏறினாள். மலையாற்றுக்குப் போக இன்னும் நாளாகும். போகாமலும் இருக்கலாம், அது அவள் இஷ்டம். உங்களைப்போல் அவளுக்கு அவசரமில்லை.

உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதத் தோன்றவில்லை. பொய்யைக்கூட விட்டுவிடலாம். அக்காவிடம் அனுமதி வாங்க என் பெயர் வேண்டியிருந்தது, நான் வேண்டியிருக்கவில்லை. அதுதான் இன்னும் அறுக்கிறது. நேற்று அக்கா உங்கள் படத்து மாலையை மாற்றவில்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை.

ஆனால் இது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆற்றில் இறங்குமுன் அக்கா பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துக் கழற்றிப் பார்த்துக் கட்டினாள். பிறகு, விழுந்தவரை இழுக்கக் கரையிலிருந்து எறிகிற கயிற்றுப் பையை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். "பிடிலே" என்றாள். சிரிக்கவில்லை. உங்கள் மச்சினன் கையில் நீங்கள் விளையாட்டாகக் கொடுத்ததை, அவள் தன் தம்பி கையில் நிஜமாகக் கொடுத்தாள். அவள் கரையேறும்வரை நான் கண்ணெடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டேன். இதை உங்கள் தலைமேல் கைவைத்துச் சொல்கிறேன், அத்தான். நான் வைத்த கை பொய்க்காது.

நீங்கள் கயிறு கொடுக்காமல் போன,
உங்கள் ரீட்டாவின் தம்பி