கயிறு பிடித்தவன் எங்கே பார்த்தான்

சென்னை,
6-2-1978

அன்புள்ள அத்தைக்கு,

ஞானசௌந்தரி எழுதிக்கொள்வது. நான் சுகம். உங்கள் முட்டுவலிக்கு நான் அனுப்பிய தைலம் கேட்கிறதா? மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. உங்கள் தம்பி பவுலின் மகள் என்பதால்தான் என்று தெரியும். இருந்தாலும் இது நாலாவது.

இங்கே எடிட்டிங் வகுப்பில் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் ஒரு பெண் எழுதியிருக்கிறாராம்: சினிமாவில் பார்க்கிறவன் ஆண், பார்க்கப்படுகிறவள் பெண், கேமரா அந்த ஆணின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, கொட்டகையில் இருக்கும் நாமும் அவன் கண்ணாலேயே அவளைப் பார்க்கிறோம் என்று. ஒரு சினிமாப் பாட்டை எடுத்து, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று ஷாட் ஷாட்டாக எழுத வேண்டும்.

நம் கடற்கரையில் எடுத்த அந்த முத்துக்குளிப்புப் பாட்டை எடுத்திருக்கிறேன். படகில் அப்பா கயிற்றோடு திரும்பிச் சிரிக்கிறார். அடுத்த ஷாட்டில் ஆடுகிறவளின் இடுப்பு. வகுப்பில் போட்டதும், "இதைவிட நல்ல உதாரணம் கிடையாது" என்றார் ஆசிரியர். அது என் அப்பா என்று நான் வாய் திறக்கவில்லை.

அந்தப் படப்பிடிப்பில் மாமா கடலோடு போன நாளைப் பற்றி உங்களிடம் கேட்பது கொடுமைதான். ஆனால் அன்று காலையில் நீங்கள் கரையில் இருந்தீர்கள். பார்த்ததை எழுதுவீர்களா?

அன்பு மருமகள்,
ஞானசௌந்தரி


பனிமய மாதா துணை
தூத்துக்குடி,
15-2-78

ஞானசௌந்தரிக்கு அத்தை அமலோற்பவம் எழுதுவது.

தைலம் கேட்கவில்லை. இனி அனுப்பாதே.

கேட்டாய், எழுதுகிறேன். 1971 மார்ச் எட்டு, திங்கட்கிழமை, தபசு காலம். நம் சனத்தில் முத்துக் குளிக்கப் போகிறவனுக்குக் கயிறு பிடிப்பது பெண்டாட்டியின் உடன்பிறந்தான். அக்கா தாலி அறக்கூடாது என்று அவன் கண் தண்ணீரை விட்டு நகராது, அதற்காகத்தான். உன் மாமா வேறு ஆள் பார்க்கலாம் என்றார். நான்தான், "எந்தம்பி இருக்கையில அந்நியன் பிடிக்கவா?" என்று சண்டை போட்டு உன் அப்பனை ஏற்றிவிட்டேன். படக்காரர்கள் முத்து எடுக்கிறது மாதிரி குதிக்கச் சொன்னார்கள். நான் கஞ்சியும் துவையலும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மதியம் ஆள் வந்து சொன்னது.

அந்த வருஷமே படம் வந்தது. மூன்று நாள், மூன்று ஆட்டம் பார்த்தேன். கயிறு அவன் கையில், கண் அவள் இடுப்பில். கீழே என் மனுஷன் மேலே தூக்கச் சொல்லிக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்திருப்பார். இதைச் சொல்ல உனக்கு வெள்ளைக்காரி வேண்டியிருக்கிறது. நான் மூன்றாவது வரை படித்தவள். தரை டிக்கெட்டில் உட்கார்ந்தே கண்டுபிடித்தேன்.

வருகிற எட்டாம் தேதி ஆண்டுப் பூசை. உன் அப்பன் எப்போதும்போல் கோயில் படிக்கு வெளியே நிற்பான். அவன் உள்ளே வந்தால் நான் வெளியே போவேன் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லி ஏழு வருஷமாகிறது.

கட்டுரையில் அவன் பேரைப் போட்டே எழுது.

அமலோற்பவம்


சென்னை,
24-2-1978

அன்புள்ள அத்தைக்கு,

அப்பா பேரைப் போட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். நானும் உங்களைப் போலத்தான் நினைத்திருந்தேன், மகளாக இருந்துகொண்டு.

சினிமாவில் ஒரு விநாடிக்கு இருபத்துநாலு படம். கொட்டகையில் கண்ணுக்குத் தட்டாதது எடிட்டிங் மேசையில் ஒவ்வொன்றாக நிற்கும். அந்தப் பாட்டுச் சுருளைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். அப்பா சிரிக்கிற ஷாட்டின் தொடக்கத்தில், ஆறே ஆறு படத்தில், ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். தலைத்துண்டு, கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியம். மாமா.

மாமா படகில் இருக்கும்போது கயிற்றின் மறுநுனியில் யாரும் இல்லை, அத்தை. அவள் ஆடுகிற ஷாட்டில் நிழல் கடல் பக்கமாக நீளமாக விழுகிறது. அது சாயங்காலம் எடுத்தது. இரண்டையும் யாரோ கத்தரித்து ஒட்டி, அப்பாவை அவளைப் பார்க்க வைத்துவிட்டார்கள். நான் படிக்கிற தொழிலே அதுதான்.

மாமா மூழ்கியபோது அப்பாவின் கண் எங்கே இருந்தது என்று இந்தப் படம் சொல்லாது. அந்தச் சிரிப்பு அந்த நேரத்துச் சிரிப்பு இல்லை, அதுமட்டும் உறுதி.

ஒரு படத்தைப் பெரிதாக்கி உள்ளே வைத்திருக்கிறேன். பூசைக்கு அப்பாவை உள்ளே விடுங்கள்.

ஞானசௌந்தரி


பனிமய மாதா துணை
தூத்துக்குடி,
9-3-78

ஞானசௌந்தரிக்கு,

படம் வந்தது. உன் மாமாவின் முன்பல் இல்லாத அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறது. ஒரு வாரம் பெட்டியில் போட்டுப் பூட்டிவைத்தேன். ஏழு வருஷக் கோபத்தை ஒரு காகிதத்தைக் காட்டிக் கேட்கிறாயே, உனக்கு எவ்வளவு தைரியம்.

நேற்று பூசை. அவன் வெளியே நின்றான். காணிக்கை நேரத்தில் நான் எழுந்து போனேன். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஏலே, இது யாரு?"

"அத்தான்."

"எதுக்குச் சிரிக்காரு?"

அவன் படத்தைக் கையில் வாங்க வந்தான், நான் கொடுக்கவில்லை.

"கேக்கேம்லா, சொல்லுலே."

"நீ கஞ்சிச் சட்டியோட கரையில நின்ன. கேமராக்காரன், தள்ளிப் போம்மான்னு கத்துதான். நீ இடுப்புல கைய வச்சிக்கிட்டு அவனையே முறைச்சிக்கிட்டு நிக்க. 'பாருலே மாப்ளே, ஒங்கக்கா பாக்குற பார்வையில மிசினே நின்னுரும்'னாரு அத்தான். ஒன்னப் பாத்துத்தான் ரெண்டு பேரும் சிரிச்சோம்."

"பெறவு?"

"நீ போன பெறவு குதிச்சாரு. நான் தண்ணியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேங்கா. கயிறு அசையவே இல்ல."

நம்பினேன் என்று எழுதமாட்டேன். நம்பவில்லை என்று எழுதவும் கை வரவில்லை. அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து ஆம்பளைகள் பக்கம் உட்காரவைத்தேன்.

உன் கட்டுரையைத் திருத்து. படகிலிருந்த ரெண்டு ஆம்பளையும் பார்த்தது ஆட்டக்காரியை இல்லை, அமலோற்பவத்தை. அந்த வெள்ளைக்காரிக்கும் தெரியப்படுத்து.

ஞாயிற்றுக்கிழமை உன் அப்பனைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். என் மனுஷன் என்னைப் பற்றிக் கடைசியாகச் சொன்ன பேச்சை ஏழு வருஷம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தானே, அதற்கு அன்றைக்கு இருக்கிறது அவனுக்கு.

அத்தை,
அமலோற்பவம்