ஓமா வீட்டு அலாரம்

பைக் கவுண்டி, கென்டக்கி
மார்ச் 9, 1996

தம்பி ஹோபர்ட்டுக்கு,

இன்று காலை நம் சபை ஓமாவின் எரிந்த ட்ரெய்லர் வீட்டில் நின்றவர்கள் நால்வர்: நான், என் கணவர் கிளைட், பாஸ்டர் கீட்டன், தீயணைப்பு நிலையத்து லெஸ்டர். ஓமா இல்லை. செவ்வாய் மதியம் அவள் தூங்கும்போது ஹீட்டரிலிருந்து தீ பிடித்தது. இரண்டு கைகளும் வெந்து மருத்துவமனையில் கிடக்கிறாள்.

ஒஹாயோவுக்கு வேலைக்குப் போகுமுன், சபை சார்பில் நீ மாட்டிய புகை அலாரத்தை லெஸ்டர் கழற்றினார். புகை நுழையும் துளைகளின்மேல், பெட்டியோடு வரும், மாட்டியதும் கழற்றிவிட வேண்டிய ஆரஞ்சு பிளாஸ்டிக் தூசி மூடி உருகி ஒட்டியிருந்தது.

"வாயைத் தெறந்து வெச்சுட்டு மூக்க அடைச்சிருக்கான் ஒன் தம்பி" என்றார் கிளைட்.

நீ அலாரம் மாட்டிய பதினொரு வீடுகளையும் பார்த்தேன். ஏழில் மூடி இருந்தது, என் வீடும் சேர்த்து. மூடிகளை எல்லாம் பிடுங்கிவிட்டேன். மறந்துவிட்டேன் என்றாவது எழுது.

லொரீன்

டேட்டன், ஒஹாயோ
மார்ச் 13

அன்புள்ள அக்கா,

மறக்கவில்லை. அடுப்பில் பேக்கன் கறி வறுத்தாலே கத்துகிறதென்று ஆளாளுக்குப் பேட்டரியைப் பிடுங்கிப் போட்டார்கள். ஓமாவே, "ஹோபர்ட்டு, இது வாய மூடு, இல்லேன்னா தொடப்பத்தாலயே தட்டி விட்ருவேன்" என்றாள். மூடியை மாட்டினேன். சோதனைப் பொத்தானை அழுத்தினால் கத்தியதே.

உன் நோட்டில் மாதாமாதம் 'கத்தியது' என்று எழுதியிருப்பாய். அதைப் பாஸ்டரிடம் காட்டு, போதும். ஓமாவிடம் எதுவும் சொல்லாதே.

உன் தம்பி,
ஹோபர்ட்

பைக் கவுண்டி
மார்ச் 17

ஹோபர்ட்,

போனில் பேசினால் உன்னை என்ன சொல்வேனோ என்று பயந்துதான் எழுதுகிறேன்.

என் நோட்டைப் பொய்ச்சாட்சிக்குக் கூப்பிடாதே. பதினான்கு மாதம், முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீடு வீடாகப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். கத்தியதும் ஸ்தோத்திரம் சொல்லிக் குறித்துக்கொண்டேன். என் சோளரொட்டி கருகிச் சமையலறை புகைந்த அன்று என் வீட்டு அலாரம் கத்தவில்லை. கர்த்தர் அதற்குப் பொறுமை கொடுத்தார் என்று நன்றி சொன்னேன், முட்டாள். அதையும் நோட்டில் எழுதிவிட்டேன். என் பங்கு அது.

நேற்று லெஸ்டர் எல்லா அலாரங்களையும் அடுப்புப் பக்கமிருந்து படுக்கையறை வாசலுக்கு மாற்றினார். பத்தடிதான். இன்று காலை எல்லோரும் பேக்கன் வறுத்தார்கள், ஒன்றும் கத்தவில்லை. லெஸ்டர் அணைத்த திரியின் புகையை ஒவ்வொரு அலாரத்துக்கும் கீழே பிடித்தார், எல்லாம் கத்தின. ஏணியைப் பத்தடி நகர்த்த உனக்குச் சோம்பல், ஹோபர்ட். அதற்குக் கருணை என்று பேர் வைக்காதே. ஓமா துடைப்பத்தைக் காட்டினாள், சரி. மூக்கை அடைக்கச் சொன்னாளா?

பிற்பகல் ஓமாவுக்குச் சூப் ஊட்டினேன். அவளால் கரண்டி பிடிக்க முடியாது. "லொரீன், அலாரம் ஏன் கத்தல? நான் பேட்டரி மாத்தாம விட்டுட்டனோ? பாவம், ஹோபர்ட்டு அவ்ளோ தூரம் ஏணிய தூக்கிட்டு வந்து மாட்டிக் குடுத்தான்" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் உனக்காக நான் செய்த கடைசிக் காரியம்.

23ஆம் தேதி அவளை அனுப்புகிறார்கள். என் வீட்டுக்குத்தான் வருகிறாள். அதற்குள் நீ வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வாயா, நான் சொல்லட்டுமா? சீக்கிரம் பதில் எழுது.

லொரீன்