தட்டைக் காட்டச் சொல்லாதீர்கள்

காவாந்தண்டலம்,
திங்கட்கிழமை.

கீர்த்தியின் அப்பாவுக்கு சுதா எழுதுவது. நானும் கீர்த்தியும் நன்றாக இருக்கிறோம். உங்கள் அப்பாவும் நலம் என்று சேர்த்து எழுத இந்த முறை முடியவில்லை. மஸ்கட் வெயிலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படிப்பதற்குள் போன் செய்து கத்துவீர்கள். போனில் பேசலாமென்றால் கட்டிலில் இருக்கிற மாமா காதில் எல்லாம் விழும். அதனால்தான் லீவு முடிந்து அங்கே கிளம்புகிற ஸ்ரீகாந்த் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

ஏரியில் தண்ணீர் இருக்கிறது. மோட்டார் காயில் புகைந்துபோய், புதிதாகக் கம்பி சுற்றி மாட்டியாயிற்று. நெல் கதிர் விட்டுவிட்டது. மாமா தினமும் விசாரிப்பது இதைத்தான்.

உங்கள் அத்தை கோவிந்தம்மாள் போன மாதம் வந்தாரே, அதைச் சொல்ல வேண்டும். மாமாவின் வயிற்றுக் கட்டிக்கு இனி வைத்தியமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டது அவருக்கும் தெரியும். ஆனாலும் நேராகப் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். அது சில்லென்று இருந்ததும் தெருவில் நின்றுகொண்டு, "எங்கண்ணன பட்டினி போட்டுக்கினு கீறா இவ" என்றார். உங்களுக்கும் போன் போட்டார். நீங்களும் நம்பினீர்கள். "எங்கப்பனுக்கு சோறு போடாம இன்னாடி பண்ற" என்று கேட்டீர்களே, அது ஸ்பீக்கரில் இருந்தது. மாமாவும் கேட்டார். கல்யாணமான நாள் முதல் என்னை நீங்கள் அவ்வளவு மோசமாகப் பேசியதில்லை.

அடுப்பு ஏன் சில்லென்று இருந்தது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. கடுகு தாளிக்கிற வாசனை வந்தாலே மாமாவுக்குக் குமட்டுகிறது. தெருமுனையில் வரும்போதே என் ரசத்தில் பெருங்காயம் குறைச்சல் என்று கண்டுபிடிக்கிற மனுஷன்! அதனால் பக்கத்து வீட்டுக் கல்பனா அக்காவின் அடுப்பில்தான் சமைக்கிறேன். நானும் கீர்த்தியும் அங்கேயே சாப்பிட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குள் வருகிறோம். திருடித் தின்றுவிட்டு வருகிற மாதிரி இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் பாக்கியமேரி சொன்னபடியே செய்கிறேன். முதலில் வாந்தி மாத்திரை, கொஞ்ச நேரம் கழித்து ஆறிய கஞ்சி. தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன். அதுவும் சில நாள் இறங்காது. இளநீரை ஃப்ரீசரில் உறையவைத்து, உடைத்து, ஒரு துண்டு வாயில் வைத்தால், "இது ஷோக்கா கீதும்மா" என்கிறார். அன்றைக்கு அவருக்கு அதுதான் சாப்பாடு.

குளுகோஸ் ஏற்றச் சொன்னீர்களே, அதையும் கேட்டேன். "சாப்டாததால மெலியலம்மா. நோவு முத்திப் பசி போய்டுச்சி. குளுகோஸ் ஏத்தினா பசி வராது, கை கால்தான் வீங்கும். பலவந்தமா ஊட்டாத" என்றார் பாக்கியமேரி. மாட்டுக்கொட்டகைக்குப் போய் அழுதேன். சோறு போட்டுக்கூட ஒருவரைக் காப்பாற்ற முடியாது என்றால், நான் வேறு என்னதான் செய்வேன்?

அந்தப் போனுக்குப் பிறகு ஞாயிறுதோறும் வீடியோவில் தட்டைக் காட்டச் சொல்கிறீர்கள். நேற்று மாமா தானாகவே இரண்டு இட்லி கேட்டு வாங்கி, உங்கள் எதிரில் முழுதும் தின்றார். "பாத்தியா, போட்டா துன்றாரு" என்று சொல்லிவிட்டு நீங்கள் போனை வைத்தீர்கள். உடனே ஆரம்பித்த வாந்தி சாயங்காலம் வரை நிற்கவில்லை. கடைசியில் பச்சையாகப் பித்தம்தான் வந்தது. வாந்திக்குப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம், "நான் துன்னலன்னா அவன் உன்னத்தான் பேசுவான்" என்றார்.

ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் தின்றிருக்கிறார். வாந்தி மாத்திரைதான் வேலை செய்யவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்று அந்த மனுஷன் தின்றுவிட்டுக் குடல் பிடுங்க வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் மேல் கோபமில்லை என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் நீங்கள் அங்கே ஒன்றும் செய்ய முடியாமல் தவிப்பதும் எனக்குத் தெரியும்.

இனிமேல் அவரைச் சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள். தட்டைக் காட்டச் சொல்லாதீர்கள். மோட்டாரைப் பற்றிக் கேளுங்கள், நெல்லைப் பற்றிக் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவருக்குத் தெம்பு இருக்கிறது.

பாக்கியமேரி கெடு எதுவும் சொல்லவில்லை. "புள்ளைய வரச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முதலாளியிடம் கெஞ்சியாவது வந்துவிடுங்கள். பேரீச்சம்பழம், பாதாம், சத்துமாவு டப்பா எதுவும் வேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள். அவருக்கு உதடெல்லாம் காய்ந்து வெடித்திருக்கிறது. உங்கள் கையால் ஒரு துண்டு இளநீர் ஐஸ் வைத்தால் போதும். தாமதித்து வந்தால் அவர் வாயில் போடச் சொல்லி உங்கள் கையில் எதைக் கொடுப்பார்களோ, அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
சுதா