ஒன்பது குடுவைகள்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். அங்கே குளிர் குறைந்ததா?

நம் கட்டுரை வந்த இதழ் நேற்று ஆய்வகத்துக்கு வந்தது. அச்சு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆறு வருடம் நான் பாசி வளர்த்து அளந்த கட்டுரையில் உங்கள் பெயர் இருக்கிறது. இன்னொரு பெயரைத் தேடினேன். கடைசிப் பக்கத்தில், "பொறுமையுடன் துணைநின்ற என் மனைவிக்கும், மின்விசிறியைப் பழுதுபார்த்த ஊழியருக்கும் நன்றி" என்று இருந்தது.

குடுவை கழுவும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஃபேன்காரனுக்கு முன்னாடி உங்களப் போட்டிருக்காரே, பெரிய மனசும்மா!" என்றார்.

உங்கள் மனைவி
(அச்சில் உள்ளபடி)

மார்ச் 20

என் கண்ணம்மா,

கோபமா? நமக்குள் என்ன உனது, எனது? ஆய்வக இயக்குநரும், "புருஷன் பொண்டாட்டி பேரச் சேத்துப் போட்டா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்யா" என்றார். சிரித்துவிட்டேன். அடுத்த கட்டுரையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சின்ன விஷயம். முப்பது குடுவைகளில் ஒன்பதைக் கணக்கில் சேர்க்காதது ஏன் என்று இதழாசிரியர் கேட்கிறார். நான் அவற்றை ஏன் விலக்கினேன் என்று உடனே எழுது.

உன்னவன்

ஏப்ரல் 5

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் ஏன் விலக்கினீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் பொறுமையுடன் துணைநின்றவள். அந்த ஊழியரைக் கேட்டுப் பாருங்கள்.

மனைவி

ஏப்ரல் 16

விளையாடாதே. மே பத்துக்குள் பதில் போகாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடுவார்களாம். இங்கே என் வேலையும் போய்விடும். நோட்டுகளை உடனே அனுப்பு. வந்ததும் உன் பெயரை எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன்.

மே 24

ஐயா,

நோட்டுகளை மே பத்துக்கு முன்பே அனுப்பிவிட்டேன், இதழாசிரியருக்கு. மேற்குச் சன்னலோரம் இருந்த ஒன்பது குடுவைகளில் மட்டும் மாலை வெயில் விழுந்தது, அதனால் விலக்கினேன். அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் நீங்கள் கருத்தரங்கில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தீர்கள்.

பதினான்கு நோட்டுகளிலும் ஒரே கையெழுத்து இருப்பதைப் பார்த்து, நான் யார் என்று கேட்டு அவர் எழுதினார். அளந்தவள் என்று எழுதினேன். கட்டுரையைத் திருத்தி என் பெயரில் வெளியிடுகிறார்கள்.

ஆய்வக விடுதியில் எனக்கு அறை கிடைத்துவிட்டது. வீட்டுச் சாவி உங்கள் அம்மாவிடம் இருக்கிறது.

உங்கள் பெயரும் இடம்பெற வேண்டுமானால், இந்த ஆய்வில் நீங்கள் செய்த வேலை எது என்று ஒரு வரி எழுதச் சொல்கிறார். இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீங்களே எழுதிவிடுங்கள்.